பெயர் ஒட்டிய பக்கம்

பினாங்கு சூலியா தெருவில் ஒரு சின்னப் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே குத்பா என்னும் பேருரையை ஓதியவர் நெய்னா லெப்பை. முடிவில், உலக முஸ்லிம்களின் தலைவராகத் துருக்கியில் வீற்றிருந்த கலீபாவின் பெயரைச் சொல்லி துஆ கேட்பார். ஜமாஅத்தார் ‘ஆமீன்’ என்பார்கள். ஊரை ஆண்டது வெள்ளைக்காரன். துஆ மட்டும் துருக்கிக்காரருக்கு!

கலீபா மாறினாலும் லெப்பை குத்பா கிதாபை மாற்றமாட்டார். புதுப் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, பழைய பெயரின் மேல் கஞ்சிப்பசையால் ஒட்டிவிடுவார். பதின்மூன்று வருஷத்தில் மூன்று பெயர் ஒட்டியாயிற்று. அந்த இடம் மட்டும் அட்டைபோலத் தடித்துக் கிடந்தது.

1924இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை. துருக்கியில் ஏதோ மாற்றம் என்று கேள்விப்பட்ட மனைவி பாத்துமுத்து, சிரட்டையில் பசையோடு வந்து நின்றாள்.

“இந்த வாட்டி யாருங்க?”

“யாருமில்ல புள்ள. கலீபாங்கிற பதவியவே எடுத்துட்டாங்களாம். அவரைக் குடும்பத்தோட ரயிலேத்தி அனுப்பிட்டாங்களாம், பேப்பர்ல போட்டிருக்கான்.”

“அல்லாவே! பொம்பளப் புள்ளைங்களையுமா?”

லெப்பை கிதாபை எடுத்து விரித்தார். மூன்று துண்டுகளையும் சேர்த்துப் பிய்த்தார். தாளும் கூடவே வந்து, பக்கம் ஓட்டையாகிவிட்டது.

மதியம் மிம்பர் மேடையில் நின்று ஓதியவர், அந்த ஓட்டை வந்ததும் நின்றுவிட்டார். தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சேதி தெரியும். ஆனாலும் எத்தனை வருஷத்துப் பழக்கம்! அவர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. பள்ளிவாசல் மொத்தமும் ‘ஆமீன்’ என்றது.