தாய்மாமன் தலைப்பாவுக்காக ஒரு கோடு

இன்று காலை காபிக்கும் முன்னால் கேமராவின் வியூஃபைண்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டித் திரையில், மேலும் கீழும் கோடு போட்ட மெல்லிய பிலிமை ஒட்டினேன். கோட்டுக்கு வெளியே இருப்பது கல்யாண ஆல்பத்தின் அகலப் பக்கத்தில் வெட்டுப்படும்.

போன மாதம் நான் படமெடுத்த மேலூர் கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் அப்படித்தான் வெட்டுப்பட்டார்.

"இம்புட்டு சீர் செஞ்சேன், என் தலைப்பாவக் காணோம்!" என்று ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு மேடையில் படமெடுக்கும் வேலை இல்லை, பந்தியில்தான்.

இன்று ஸ்டூடியோவில் பிலிமைப் பார்த்ததும் முதலாளி பதறினார். "ஏம்மா, வாரண்டி போச்சே! கேமராவுலயே கோடு இருக்குமே?"

"நம்ம ஆல்பம் அளவுக்கு இல்லண்ணே."

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"நாளைக்கு மேடைக்கு நீயே போம்மா. எனக்கும் ஒண்ணு ஒட்டிக் குடு."

ஒட்டித் தருவேன். ஆனால் தை முகூர்த்தத்திலிருந்து நான் சொந்தமாகக் கல்யாணப் படம் எடுக்கப்போவதை வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. நீங்களும் ஸ்டூடியோ பக்கம் உளறிவிடாதீர்கள்.