குளத்துக்குப் பவுடர் பூசிய கதை

அவளுக்குப் படம் வரைவதிலும் பித்து, தவளைகள் மேலும் பித்து. இரண்டுமே சோறு போடாது என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். இரண்டையும் சேர்த்தால் போடும் என்று ஓர் இயற்கைக் கல்வி மையம் அவளை வேலைக்கு எடுத்தது. சித்தப்பா இன்றுவரை அந்த மையத்தை மன்னிக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளை மையத்தின் குளக்கரையில் உட்காரவைத்து வரையச் சொல்வதுதான் வேலை. வரைய உற்றுப் பார்க்க வேண்டும், உற்றுப் பார்த்தால் பிரியம் வந்துவிடும் என்பது அவள் கட்சி. குளம் ஒன்றும் அழகுக்குப் பேர்போனதல்ல. பாசி, அழுகிய இலை, கரை நிறையச் சேறு. அந்தச் சேற்றுக்குள் கோடை முழுக்கப் புதைந்து கிடக்கும் தவளைகள், முதல் மழைக்கு எழுந்து ஊரைக் கூட்டும்.

பெரிய விருந்தாளி ஒருவர் வரப்போகிறார் என்றதும் இயக்குநருக்குக் கலைக்கண் திறந்துகொண்டது. வாசலில் வைக்கக் குளத்தின் படம் ஒன்று கேட்டார். அவள் வரைந்து வந்ததைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, சாக்கடை மாதிரி இருக்கு? கொஞ்சம் நீலம் போடு. அந்தச் சேத்தை எடுத்துடு."

"சார், தவளைக்கு வீடே அதுதான் சார்."

"படத்துலதானேம்மா எடுக்கச் சொல்றேன், குளத்துலயா?"

படம்தானே என்று அவளும் இறங்கிவந்தாள். நீலத் தண்ணீர், கரையெல்லாம் கூழாங்கல், மூலையில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு தவளை. இயக்குநர் சொக்கிப்போனார். விருந்தாளி வருவதற்குள் குளத்தைக் கொஞ்சம் பார்வையாக்கும்படி பராமரிப்பு மேஸ்திரியிடம் சொல்லிவைத்தார்.

மேஸ்திரி கடமை வீரர். படத்தைக் கரையில் சாத்திவைத்து, வரைபடம் பார்த்து வீடு கட்டுவதுபோல் வேலை பார்த்தார். விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது சேறு லாரியேறிப் போயிருந்தது.

"பாத்தீங்களா டீச்சர், அப்படியே நீங்க வரைஞ்ச மாதிரி! ஒரு கல்லுகூட மாறல."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. யாரையாவது கைகாட்டினால் அந்தக் கை தன் பக்கம்தான் திரும்பும். கூழாங்கற்கள் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

மழை வந்தது. குளம் வாயே திறக்கவில்லை. விருந்தாளி வந்து, "எவ்வளவு உயிரோட்டமான குளம்!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வகுப்பை அவள் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் வைத்தாள். அங்கே மழைநீர் தேங்கிய ஒரு பள்ளத்தில், லாரிக்குத் தப்பிய நாலைந்து தவளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டு இயக்குநர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வந்தார்.

"இங்கயா பாடம் நடத்துற? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதையும் அழகு பண்ணியிருப்போமே!"

அவள் பதறிப்போய்ப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"கண்ணுங்களா, இருக்கிறதை இருக்கிறபடி வரையுங்க. சேறு, புழு, குப்பை எதையும் விட்டுடாதீங்க. யாராவது பாத்துட்டு அழகா இருக்குன்னு சொல்லிட்டா, அப்புறம் இதுங்களும் காலி."