கீழ்வீட்டுக்காரர்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘மெதுவா’ என்று பெயர். வைத்தவள் நான்தான். டிராலியைத் தள்ளினால் ‘மெதுவா’, இயந்திரத்தின் கதவைச் சாத்தினால் ‘மெதுவா’, நான் தும்மினால்கூட ‘மெதுவாக்கா’. தும்மலுக்கு நான் எங்கே போய் பிரேக் போடுவது? ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிராக நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். பக்கத்தில் வரும்போது மட்டும் பேசுவாள். அவள் கதை எனக்குத் தவணை முறையில்தான் வந்து சேர்ந்தது.

கணவர் ஊரில் கணக்கு வாத்தியார். இந்தக் குளிர்நாட்டில் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரே பெண், ஐந்து வயது. குளிர் தொடங்கும் சமயத்தில் வந்து இறங்கி, ஏறாத படியெல்லாம் ஏறி, கடைசியில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடு கிடைத்தது. மரத்தரை. முதல் வாரமே பாப்பா பள்ளியிலிருந்து வந்து கூடத்தில் ஓட, கீழேயிருந்து ‘டொக், டொக், டொக்’ என்று சத்தம். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டி எச்சரிக்கிறார் என்று இருவரும் பயந்தார்கள். மறுநாள் மாலையும் அதே தட்டல்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கீழ்வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். கம்பளி சாக்ஸை வெட்டி நாற்காலிக் கால்களுக்கு மாட்டினார்கள். மிக்ஸியைப் போர்வைக்குள் வைத்து ஓட்டினார்கள். “புகார் போச்சுன்னா நம்மள வெளிய அனுப்பிடுவாங்க, மெதுவா நட” என்று பாப்பாவுக்குக் காலையும் மாலையும் பாடம். அந்த மனிதரை அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத ஆளிடம்தான் பயம் அதிகம்.

ஒருநாள் விரிப்பின் முனை அவள் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கவில்லை.

“டீச்சர் கூப்பிட்டாங்கக்கா. பாப்பா பள்ளிக்கூடத்துலயும் நுனிக்கால்லதான் நடக்கறாளாம். மைதானத்துலகூட. வாயே தொறக்கறதில்லையாம். டாக்டர்கிட்ட காட்டினோம். காலுல ஒண்ணுமில்லைன்னுட்டு, வீட்டுல யாராவது படுத்த படுக்கையா இருக்காங்களான்னு கேட்டார்.”

நான் குனிந்து அந்த முனையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“நாங்கதான்க்கா பிள்ளைய இப்படி ஆக்கிட்டோம். சாயங்காலம் கொஞ்ச நேரம் அவ ஓடட்டும்னு கீழ்வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சிக் கேக்கப் போறேன். எனக்கு பாஷை தடுமாறும். நீங்க கூட வாங்க.”

கெஞ்சுவதாவது! வேலை முடிந்து போகும் வழியெல்லாம் அந்த ஆளை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் வழியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டாள். கதவைத் தட்டினோம். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த கட்டடக் காவலாளி, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அங்கே யாருமில்லை, போன கோடைக்கு முன்பே காலி என்றார். நான் நம்பாததைப் பார்த்துச் சாவி போட்டுத் திறந்தே காட்டினார். பெயிண்ட் டப்பாக்கள், ஓர் ஏணி, தரையெல்லாம் தூசி.

அப்போதுதான் ‘டொக், டொக், டொக்’ என்றது. சுவரோரமாக மேலே போகும் இரும்புக் குழாய்.

காவலாளி சாவகாசமாகச் சொன்னார்: மாலையில் இந்தக் குழாய்களில் வெந்நீரைத் திறந்துவிடுவார்கள், வீடு சூடாக வேண்டுமே. இரும்பு சூடேறி விரியும்போது இப்படித்தான் தட்டும். பழைய கட்டடம் எல்லாவற்றிலும் தட்டும்.

நாங்கள் பிறந்த ஊரில் வீட்டைச் சூடாக்குவார் உண்டா? இத்தனை வருடம் இங்கே இருந்தும், புதுக் கட்டடத்தில் குடியிருக்கும் எனக்கே அது தெரியாது. விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்போ இத்தனை நாளா யாருக்குக்கா பயந்தோம்?” என்றாள்.

மேலே போனோம். கணவர் அப்போதுதான் தூங்கி எழுந்து காபி கலந்துகொண்டிருந்தார், டம்ளரில் கரண்டி படாமல். பாப்பா தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மாக்காரி நடந்ததைச் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் மகளிடம் திரும்பினாள்.

“பாப்பா, கீழ யாருமே இல்லடா. ஓடு. உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஓடு.”

பாப்பா அசையவில்லை. அம்மாவே கூடத்தின் நடுவில் நின்று ஒரு குதி குதித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதைக் கேட்டு ஓடி வந்தாள் பாப்பா, நுனிக்காலில்தான். அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவாம்மா. நம்மள வெளிய அனுப்பிடுவாங்க.”

கணவர் மண்டியிட்டு நாற்காலிக் கால்களின் சாக்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாற்காலியைக் கரகரவென்று கூடம் முழுக்க இழுத்தார். பிறகு, மாவு மூட்டை தூக்கும் அந்த மனிதர், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் குதித்தார். அடுக்களையில் தட்டுகள் கலகலத்தன.

கூடத்து மூலையிலிருந்த குழாய் ‘டொக், டொக்’ என்றது. பழக்க தோஷம், மூவரும் உறைந்து போனார்கள். அவர்களைப் பார்த்து நானும். அவர்தான் முதலில் மீண்டார். இன்னொரு முறை குதித்தார். கதவைத் தட்ட யாரும் வரவில்லை.

பாப்பா குழாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலது குதிகால் இறங்கித் தரையைத் தொட்டது. இடது குதிகால் இன்னும் நம்பவில்லை.