இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை

“படிச்சது போதாதுன்னு கப்பலேறிப் போயி பள்ளிக்கூடம் பாக்கப் போறாளாம்! அங்க மட்டும் என்ன, பொட்டப்பிள்ளைங்க படிச்சு முடிச்சிட்டா உக்காந்திருக்கு?”

நாகப்பட்டினத்துத் துறையில் என்னை வழியனுப்ப வந்த சித்தப்பா சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி போனவள் நான், இன்று ஆசிரியை. கப்பலேறினேன். மலாயாவிலிருந்து பதிலோடு திரும்புவதாக எண்ணம்.

ஒரு வாரக் கடலுக்குப் பின் சனிக்கிழமை விடிகாலை பினாங்கு. அரிசிக் கடையில் கணக்கெழுதும் அண்ணன் துறையில் காத்திருந்தார். சுங்கை பினாங்கிலுள்ள அவர் வீட்டுக்கு ரிக்‌ஷா பத்து சென்ட். வரிசையாகப் பலகை வீடுகள். எங்கும் நம் பேச்சு.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்குள்ள தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். ஒன்றாம் வகுப்பில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு சிலேட்டு.

“நான் வந்த புதுசுல இதுல பாதிகூட சேரலைங்க. இப்ப வருஷா வருஷம் கூடுது,” என்றார் ஆசிரியை. எனக்கு மகிழ்ச்சி. பிறகு கடைசி வகுப்பைக் காட்டினார். பையன்கள் சிலர், பெண் ஒருத்திகூட இல்லை.

நான் சேர்ந்தபோதும் பாயில் இடமின்றி நெருக்கியடித்துத்தான் உட்கார்ந்தோம். முடிக்கும் பரீட்சையை எழுதிய பெண் நான் ஒருத்திதான். இப்போது எங்கள் ஊரிலும் சேர்வோர் பெருகியிருக்கிறார்கள். முடிப்போர் பெருகவில்லை. அங்கும் இங்கும் இதே கதை.

மூன்றாம் வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு முழம் உயரமாய் ஒருத்தி இருந்தாள். பாக்கியம், அண்ணனின் பக்கத்து வீட்டுப் பெண். அவள் அப்பா மாரிமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். மாலையில் அவரிடம் பேசினேன்.

“அவளுக்கென்ன தங்கச்சி! இங்கயும் பேரு இருக்கு, ஊர்லயும் பேரு இருக்கு. ரெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை லா!”

மலாயாப் பேச்சின் ‘லா’ ஒட்டிக்கொண்ட குரலில் சொன்னார். வீண்பெருமை இல்லை அது. வேண்டுதலுக்காக ஊர் போய் ஓராண்டு தங்கியபோது அங்கேயும் சேர்த்திருக்கிறார். ஆனால் மலாயாப் பணமான வெள்ளியிலும் சென்டிலும் கணக்குப் போட்ட பிள்ளை நம்மூர்க் காசான அணாவையும் பையையும் கண்டு விழித்ததால், ஊரில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். திரும்பியபோது சென்ட் மறந்திருந்தது. இங்கேயும் ஒன்றாம் வகுப்பு. இரண்டு நாட்டிலும் சேர்ந்தவள், ஒரு நாட்டிலும் முடிக்காதவள்.

பாக்கியத்தின் தம்பிக்கு முடியிறக்க, மறுபடியும் ஓராண்டு தங்க, வியாழக்கிழமைக் கப்பலில் ஊருக்குப் போகிறார்கள். நான் திரும்பும் கப்பலும் அதுவே.

“அவளை மட்டும் எங்கண்ணன் வீட்டுல விட்டுட்டுப் போங்கண்ணே. அண்ணி பாத்துக்குவாங்க.”

“வளந்த பிள்ளைய அடுத்த வீட்டுலயா? நல்லாருக்கு லா கதை!” சிரித்தபடி எழுந்து போனார்.

வாசலில் நின்ற பாக்கியம் மெதுவாகச் சொன்னாள்: “இன்னொரு தரம் ஒண்ணாங் கிளாஸ்னா நான் போகமாட்டேன்க்கா. சின்னதுங்க என்னைய டீச்சர்னு கூப்பிடுதுங்க.”

அவர்கள் ஊர் மன்னார்குடிக்கும் அப்பால். நாகப்பட்டினம் பக்கத்திலுள்ள என் பள்ளியில் சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை.

வியாழன், பிற்பகல் இரண்டு மணி. கப்பல் சங்கு ஊதியது. பினாங்குக் குன்று பின்னால் நகர்கிறது. சித்தப்பாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பாக்கியத்துக்குத் தர இருப்பதும் இந்த ஒரு வாரக் கடல்தான்.

படித்த தங்கைக்கென்று அண்ணன் இரண்டாம் வகுப்பு அறை எடுத்துக் கொடுத்திருந்தார். காலையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்து, மேல்தளத்தில் பாய் விரித்துப் போகும் டெக் சீட்டு வாங்கிவிட்டேன். மாரிமுத்து குடும்பத்தின் பாய்க்குப் பக்கத்தில் என் பாய். பாக்கியத்தின் சிலேட்டில் முதல் வரி எழுதியாயிற்று: ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை.