பெயர்கள் சிவக்கும் திரை

மற்றவர்கள் வேலை செய்ய, அது தாமதமாகிறதா என்று பார்ப்பதையே வேலையாகச் செய்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? இருந்தால் கிட்டே வாருங்கள். நீங்களும் மதியச் சோற்றைத் தனியாகத்தான் சாப்பிட்டிருப்பீர்கள்.

உத்திரமேரூரில் உரக்கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். இன்சூரன்ஸ் பணம் கேட்டு ஜனங்கள் கொடுத்த ஆஸ்பத்திரி பில்களின் படம் சென்னையிலிருந்து கம்ப்யூட்டரில் வரும். ஒருத்தி டைப் அடிப்பாள், அடுத்தவள் சரிபார்ப்பாள், இன்னொருத்தி முடித்து அனுப்புவாள். ஒரு மேசையில் முடிந்த பில் தானாகவே அடுத்த மேசைக்குப் போய்விடும். மானாம்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்து நானும் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சென்னை மேனேஜர் என்னைக் கண்ணாடி ரூமில் உட்காரவைத்தார். ஒவ்வொரு மேசையிலும் பில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கெடு வைக்க வேண்டும். யார் தாண்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிளஸ் டூ படித்தவளுக்கு ரூம்! துள்ளிக்கொண்டுதான் போனேன்.

மங்களமான வரிசை

கெடுவுக்குள் முடித்தால் என் திரையில் பெயருக்கு நேரே பச்சை, தாண்டினால் சிவப்பு. முதல் வாரமே தனத்தின் வரிசை முழுக்கச் சிவப்பு. தனம் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த சிநேகிதி. கூப்பிட்டுக் காட்டினால், குனிந்து பார்த்துச் சிரிக்கிறாள். “லேட்டானாத்தான்டி சிவப்பு” என்றேன்.

“கல்யாணப் பொடவைலேர்ந்து குங்குமம் வரிக்கும் செவப்பு. அத்தப் போயி கெட்டதுக்கு வெச்சிகீறியே, உனுக்கு வேற கலரே கெடைக்கலியா?” என்றாள். ஆபீஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சோத்து நேரம்

மதியம் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். அவரவர் குழம்பை அவரவர் ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஆனால் கம்ப்யூட்டர் கடிகாரம் சோற்றுக்கு நிற்கவில்லை. சாப்பிட்டுத் திரும்பினால் எல்லாப் பெயரும் சிவந்து கிடந்தது. புரோகிராம் போட்டவருக்கு போன் போட்டேன். “ஏன் மேடம், எல்லாரும் ஒரே நேரத்துலயா சாப்பிடுவீங்க?” என்று கேட்டார் அந்தப் பிள்ளை.

அவர் சரிசெய்வதற்குள், சென்னையில் அதே திரையைப் பார்த்த மேனேஜர் போனில் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டார். நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று ஆகிவிட்டது. வட்டம் இருந்தது, நான் டப்பாவோடு போனால் பேச்சு நின்றுவிடும். “உக்காருங்க மேடம்” என்று ரெண்டு ஆள் இடம் விட்டு நகருவாள் தனம். அதற்குக் கண்ணாடி ரூமே மேல் என்று அங்கேயே டப்பாவைத் திறந்தேன். சாயந்திரம் வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்த என் நாலு வயசு மகள் கேட்டாள்: “ஏம்மா, உன் கொழம்ப யாரும் துன்னலியா?”

எங்கும் பச்சை

அடுத்த மாதம் திரை நாற்றங்கால் மாதிரி ஒரே பச்சை. மேனேஜர் போனில் பாராட்டினார். அன்றே ஒரு பெரியவர், ஆஸ்பத்திரிக்குக் கட்டின பணம் இன்சூரன்ஸிலிருந்து இன்னும் திரும்பி வரவில்லை என்று சென்னைக்குப் புகார் சொல்லியிருந்தார். அவருடைய பில்லைத் தேடினேன். அது தனத்துக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் கோலாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கெடு நெருங்கினால் ‘படம் தெளிவில்லை’ என்று திருப்பிவிடுவது. திரும்பினதும் கடிகாரம் புதிதாக ஓடும். மேசைக்கு மேசை பச்சைதான். பில் மட்டும் வெளியே போகவேயில்லை.

“ஏன் தனம்?” என்றேன்.

“பச்சைதான கேட்டீங்க? குட்த்துக்கினுதான கீறோம், இன்னா கொறை?”

பேரை எடுத்தது

மேசைக்கு மேசை வைத்த கெடுவைத் தூக்கினேன். பில் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகிற வரைக்கும் ஒரே கடிகாரம். திரையில் பில் நம்பர் மட்டும். யார் பெயரும் கிடையாது. மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. “பேர் இல்லேன்னா லேட்டுக்கு யாரைம்மா கேக்கறது?”

“என்னைக் கேளுங்க சார்.”

பெரியவருக்குப் பணம் போனது. பில்களும் சுற்றுவதை விட்டுவிட்டு நேராக நடந்தன. இனி திரை யாரையும் காட்டிக்கொடுக்காது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மதியமானால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து நான் கண்ட பதவி உயர்வு இதுதான்: ஒருநாள் தனமே டப்பாவோடு கதவைத் திறக்க, கூப்பிடத்தான் வந்தாள் என்று நான் பாதி எழுந்துவிட்ட பிறகு அவள் சொன்னாள், “ஏய், இன்னிக்கி வளைகாப்புக் கட்டுச்சோறு வந்துகீது, நாங்க எய்ந்திரிக்க நேரமாவும், அது வரிக்கும் எங்க பில்லுங்கள நீ கொஞ்சம் நவுத்திக்கினு இருடி.”