காலில் சுருண்ட நரம்பு

மராத்தி ஊரான கட்கியில் ஒரு தொழிற்சாலையில், பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் மேசையில் எனக்கு வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது காலில் முழங்காலுக்குக் கீழே பச்சையாக நரம்பு புடைத்தது. வருஷம் போகப் போக அது கயிறு போலத் தடித்துச் சுருண்டது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் கனத்துக் கிடக்கும். வீட்டுக்கு வந்தால் சமையல், அதுவும் நின்றுகொண்டுதான்.

கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரித்தது. புடவையை இழுத்து மூடிக்கொண்டேன். கால் வலிக்கிறது என்றால், உடன் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் "எனக்குந்தான்" என்றார்கள். சொல்வதையே விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு காலை, குளிக்கும்போது வாளியின் விளிம்பு கணுக்காலில் லேசாக உரசியது. வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்தால் தரையெல்லாம் சிவப்பு. காலிலிருந்து ரத்தம் பீய்ச்சிக்கொண்டிருந்தது. புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு கணவரைக் கூப்பிட்டேன். அவர் பதறிப்போய் என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் துடைத்தார். ரத்தம் நிற்கவில்லை. சத்தம் கேட்டு மேல்வீட்டு மராத்திக்கார அம்மா ஓடி வந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உட்கார வைக்காதீங்க, படுக்க வைங்க!" என்று இந்தியில் கத்தினார். காலைத் தலையணைகளின் மேல் தூக்கி வைத்து, மடித்த துணியால் அழுத்திப் பிடித்தார். மெல்ல நின்றது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "நீங்க நரம்புன்னு சொல்றது ரத்தக்குழாய்" என்றார். "மேல ஏறுற ரத்தம் திரும்ப இறங்காம இருக்க உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. உங்களுக்கு அது மூடல. ரத்தம் கீழயே தேங்குது."

"இறுக்கமான காலுறை இருக்காமே, அதைப் போட்டா சரியாயிடுமா?"

"வீக்கம் கொறையும், வலி கொறையும். கெட்டுப்போன கதவு சரியாகாது. தொடை மடிப்புல கீறி அந்தக் குழாயை உருவிடணும்."

"உருவிட்டா ரத்தம் எப்படி ஓடும்?"

"ஆழத்துல வேற குழாய் இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு, பாத்துட்டேன்."

வெளியே வந்ததும் கணவர் தயங்கினார். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே?"

"இன்னாத்த பாக்கறது? ரத்தத்த பாத்தது போதாதா?"

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். தொடை முழுக்க ரத்தம் கன்றி நீலமாகிவிட்டது. மறுநாளே நடக்கச் சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நடந்தேன். லீவு முடிந்ததும் மறுபடி அதே மேசை.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு வலது காலிலும் ஆரம்பித்தது. இந்தத் தடவை மகள் கண்டுபிடித்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கொஞ்ச தூரம் தள்ளி வாகட்டில் வீடு. தமிழ் தட்டித் தடவித்தான் வரும்.

"அம்மா, நீ முன்னால ஏன் சொல்றது இல்ல?"

"சொல்றதுக்கும் தெம்பு வேணும்டி."

லேசர் வந்திருந்தது. காலை மரத்துப்போக வைத்து, மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் நுழைத்துச் சூட்டாலேயே அடைத்துவிட்டார்கள். அன்றே நடந்து வெளியே வந்தேன். வேறு இடத்தில் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னபோது பயம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு. மகளின் காரில் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்தேன். வாகட் வந்து அவள் எழுப்பும்வரை தூங்கினேன்.