அக்கரைக் கோட்டைத் திருவிழா

எங்கள் வீட்டில் என்னுடைய பெயர் வாய்க்காரி. பிறந்தபோது வைத்த நல்ல பெயர் ஒன்றும் இருந்தது. அது பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகக் கடதாசிகளுக்கும் மட்டும் பயன்பட்டது. ஏழு வயதிலேயே நான் டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், பொரிந்து தள்ளுவேன். டொக்டரிடம் அம்மாவின் தலையிடியை விளங்கப்படுத்தியது நான். வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று முறையிட்டது நான். அம்மா கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்: "எங்கட வாய்க்காரி இருக்கேக்க எங்களுக்கு என்ன பயம்?"

2007ஆம் ஆண்டுக் கோடை அது. பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, மைன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஆற்றுக்கு அந்தப்பக்கம் மேட்டில் ஒரு பழைய கோட்டை. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பழங்காலத் திருவிழா வைப்பார்கள். வங்கியிலும் கடையிலும் வேலை செய்கிற ஆட்கள் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய உடுப்பை மாட்டிக்கொண்டு ராசா, கொல்லன், குதிரைவீரன் என்று திரிவார்கள். பிள்ளைகள் மரவாளோடு ஓடுவார்கள். என் வகுப்பில் எல்லாரும் தாய் தகப்பனோடு போய்விட்டு வந்து திங்கட்கிழமை அதையே கதைப்பார்கள். வாய்க்காரிக்கு அன்றைக்கு மட்டும் வாய் இராது.

அந்த வருடம் நான் ஒற்றைக்காலில் நின்றேன். சோறு வேண்டாம், குளிக்க மாட்டேன், பள்ளிக்கூடமும் போக மாட்டேன். மூன்று நாள்.

எங்களுக்கு அங்கே போக ஏலாது. காசு காரணமில்லை. எங்களிடம் விசா இருக்கவில்லை. டுல்டுங் என்று ஒரு கடதாசிதான் இருந்தது. குறுக்கே சிவப்புக் கோடு போட்ட கடதாசி. உங்களைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், இப்போதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் பொருள். அதை வைத்திருப்பவர் தன் மாநிலத்துக்கு வெளியே கால் வைக்கக்கூடாது. ஆறுதான் மாநில எல்லை. எங்கள் குசினி யன்னலில் நின்றால் கோட்டைக் கொடி தெரியும். போய்த் தொட்டால் குற்றம். அனுமதி கேட்டு எழுதலாம்தான். ஆனால் குதிரைச் சண்டை பார்க்கவேண்டும் என்று ஒரு அலுவலகத்துக்கு எழுத அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா ஏற்கெனவே இரண்டு தரம் பிடிபட்டவர். ஒரு தரம் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, இன்னொரு தரம் செத்தவீடு ஒன்றுக்குப் போனபோது. அந்த ஆண்டுதான் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு நிரந்தர விசா கொடுக்க ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. நாங்களும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். சட்டத்தரணி அப்பாவிடம் திருத்தமாகச் சொல்லியிருந்தார்: இன்னொரு தரம் பிடிபட்டால் உனக்கும் இல்லை, உன் குடும்பத்துக்கும் இல்லை. இதெல்லாம் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியும்.

மூன்றாம் நாள் அம்மாதான் இளகினார். "பிள்ளை முகம் வாடிப்போச்சுதப்பா. ஆத்தைக் கடக்கிறது அஞ்சு நிமிசம். ஆர் வந்து கேக்கப் போகினம்?"

அப்பா தன்னுடைய நீலச் சேட்டை எடுத்து, ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கி மினுக்கத் தொடங்கினார். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

ஞாயிறு காலை பாதையில் ஏறி, அதுதான் காரையும் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் படகு, அக்கரையில் இறங்கினோம். கோட்டை வாசலில் இரும்புத் தொப்பிக்காரர் இருவர் ஈட்டியைக் குறுக்கே நீட்டி மறித்துக்கொண்டு நின்றார்கள். "நில்! எந்த ஊர்? அனுமதிப் பத்திரம் எங்கே?" எல்லாரிடமும் கேட்டார்கள். அதுதான் விளையாட்டு. எங்களுக்கு முன்னால் போன குடும்பம், நாங்கள் கொள்ளைக்காரர் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு உள்ளே போனது. எங்கள் முறை வந்ததும் அப்பாவின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய், பாதியில் நின்றது.

"இந்த ஊர். இந்த ஊர்தான்" என்றார், தன் உடைந்த டொச்சில்.

காவலாளி சிரித்து எங்கள் கைகளில் சிவப்பு மையால் முத்திரை குத்தினான். எனக்கோ பொறுக்கவில்லை. பல் தீட்டாமல் தீட்டினேன் என்று சொன்னதற்கு என்னை அரை மணித்தியாலம் சுவரைப் பார்த்து நிற்கவைத்த மனிதர் இவர்.

"அப்பா, நீங்கள் பொய் சொன்னீங்கள்."

"பகிடிக்கு, குஞ்சு."

ஒரு மணித்தியாலம் நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கல்லடுப்பில் சுட்ட ரொட்டியைப் பத்துப் பேர் வரிசையில் நின்று வாங்குவதைப் பார்த்து அம்மா, "இதை நான் வீட்டில சுட்டா ஒருத்தரும் திரும்பியும் பாக்கிறேல்லை" என்றார். அப்பா வில்லெடுத்து ஒரு அம்பைப் பலகையின் நடுவில் விட்டார். அம்மா கை தட்டினார். அப்பா பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் வெளியிடத்தில் பார்த்தேன்.

குதிரைச் சண்டைக்குச் சனம் நெருக்கியடித்தது. எனக்கு ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. தோளில் தூக்கச் சொன்னேன். அப்பாவோ கயிற்று வேலியோரம் நின்ற இரண்டு பொலிஸ்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் உண்மையான பொலிஸ்.

"இண்டைக்கு வேண்டாம். அங்கால போவம்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இதற்காகவா மூன்று நாள் பட்டினி கிடந்தேன்? அவருடைய கையை உதறிவிட்டு ஆட்களின் கால்களுக்கிடையில் புகுந்து ஓடினேன். குதிரைகளைக் கிட்டத்தில் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

வாய்க்காரி அழுவாளா? ரொட்டி விற்ற மனிசியிடம் போய், நான் தொலைந்துவிட்டேன் என்று அறிவித்தேன். அவர் என்னைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் வாசலருகே நின்ற பொலிஸ் காரில் ஒப்படைத்தார். மேளக்காரன் ஒருவன் என் நல்ல பெயரை உரத்துக் கூவினான். கொஞ்ச நேரத்தில் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

அப்பா வரவில்லை. ஆனால் நின்றார். முப்பது அடி தள்ளி, லாடம் அடிக்கிற குதிரைக்குப் பக்கத்தில். என்னை நேரே பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குதிரையின் காலைப் பார்க்கத் தொடங்கினார். என்னைத் தெரியாத ஆளைப்போல.

பிள்ளையை ஒப்படைக்கும்போது கடதாசி பார்ப்பது வழக்கம் என்றார் பொலிஸ்காரர். வயதானவர், மீசைக்காரர். அம்மா நீட்டிய டுல்டுங்கை அவர் ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார். நீங்கள் இங்கே நிற்கக்கூடாது, தெரியும்தானே என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். அம்மா பிடிபடுவது அது முதல் தரம். பொலிஸ்காரர் என் சிவப்பு முத்திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கடதாசியை மடித்துத் திருப்பி நீட்டினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கடைசியாக, கேட்கவேண்டுமே என்பதற்காகத்தான், "தகப்பனும் வந்திருக்கிறாரா?" என்று கேட்டார்.

"இல்லை. வேலை" என்றார் அம்மா.

"அம்மா பொய் சொல்லுறா!" என்று நான் கத்தினேன். "என்ர அப்பா அந்தா நிக்கிறார். குதிரைக்குப் பக்கத்தில, நீலச் சேட்டு!"

டொச்சில்தான் சொன்னேன். ஒரு இலக்கணப் பிழையும் இல்லை.

அப்பா ஓடவில்லை. மெல்ல நடந்து வந்தார். முதலில் என்னைத் தூக்கித் தோளில் வைத்தார், பிறகு சட்டைப்பையிலிருந்து கடதாசியை எடுத்துக் கொடுத்தார். மீசைக்காரர் காருக்குள் இருந்து யாருடனோ கதைத்துவிட்டு வந்தபோது அவருடைய முகமும் சரியில்லை. நான் தோளிலிருந்து அவருக்குக் கை காட்டினேன். தொலைந்த ஆள் நானில்லை, அப்பாவைத்தான் நான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அதன் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல என்னால் முடியாது. வழக்கு வந்தது. விண்ணப்பம் மூன்று பேருக்கும் இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்த மாரியில் அப்பாவை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய், யுத்தகாலக் கொழும்புக்கு விமானமேற்றினார்கள். அம்மாவின் வருத்தத்துக்கு டொக்டர் கொடுத்த கடதாசியைக் காட்டி எங்கள் இருவரையும் விட்டுவைத்தார்கள். கொழும்பிலிருந்து அப்பா இரண்டு தரம் போன் எடுத்தார். மூன்றாம் தரம் எடுக்கவில்லை. அவரோடு அறையில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று. நான் என் வாயால் கெடுத்தது அப்பாவை. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்னை வாய்க்காரி என்று கூப்பிட ஆளில்லை. அம்மா என் நல்ல பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். நான் வளர்ந்துவிட்டேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று திரும்பும்போது, காலையில் எவ்வளவு கேட்டும் வாங்கித் தராத மரவாளை அப்பா தானாகவே வாங்கித் தந்தார். படகிலும் என்னைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அவர் அழுததை, படகின் காற்றுக்குக் கண் கலங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, அடுத்த வரியமும் வருவமா?"

"ஓம் குஞ்சு, வருவம்."

காலையில் வாசலில் அவர் சொன்ன பொய்யை அந்த இடத்திலேயே பிடித்தவள் நான். இந்தப் பொய்யை நான் பிடிக்கவில்லை. வாளை உயர்த்தி, போய்விட்டு வருகிறேன் என்று கோட்டைக்குச் சொன்னேன்.